எட்டு எலிகளும் ஒரு கையெழுத்தும்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை தர்சினியின் வீட்டில் நீ சொன்ன ஒரு வசனத்துக்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு தாய் மகனுக்கு எழுதக்கூடிய புத்திமதிகள் நிறைய உண்டு. அவற்றைச் சொல்ல உனக்கு மாமாமாரும் சித்திமாரும் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அன்று தேநீர் குடித்து முடித்த பிறகு தர்சினியின் தகப்பன் மெல்லக் கதையைத் தொடங்கினார். கல்கிசையில் நீங்கள் எடுத்திருக்கும் வீட்டுக்கும் அவள் வேலை செய்கிற மிருக ஆஸ்பத்திரிக்கும் தூரம், லீவு நாளிலும் கூப்பிடுகிறார்கள், நாயோடும் பூனையோடும் மினக்கெட்டுக்கொண்டு ஒரு பிள்ளை குடும்பம் நடத்துவது எப்படி என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "ரெண்டு மூண்டு வருஷம் விட்டிட்டுப் பிறகு பாக்கலாம்தானே, அங்கிள். அம்மாவும் முந்தி ஒரு லாப்பில நிண்டவ. சண்டையால விட்டவ. ஒண்டும் குறைஞ்சு போகேல்லை." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். உனக்குத் தெரிந்த என்னுடைய அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நீ கவனித்தாயோ தெரியாது, அதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன் அவள் எனக்குப் பக்கத்தில் இருந்து ஒரு நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறந்து நாலு நாள். பால் குடிக்க முடியாத குட்டி. ஊசி ஏற்ற நரம்பு அகப்படவில்லையாம். அதனால் உடம்புச் சூட்டுக்குச் சூடாக்கிய சேலைனை வயிற்றுக்குள், குடலுக்கு வெளியே இருக்கிற வெளிக்குள் விட்டாளாம். நான் என்னை அறியாமல் கேட்டேன்: "அப்பிடிக் கொழுப்பு குடுக்கிறேல்லையோ பிள்ளை?" அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இல்லை மாமி. படிக்கேக்க வேண்டாம் எண்டுதான் சொல்லித் தந்தவை. உள்ளுக்க கட்டியாகிப்போகுமாம். மாமிக்கு எப்பிடி அது தெரியும்?" நான் பதில் சொல்ல முன் கேக் வந்தது, பிறகு அவளுடைய தகப்பனின் கேள்வி வந்தது, பிறகு உன்னுடைய வசனம் வந்தது. அவளுக்குக் கொடுக்க வேண்டிய பதில் எனக்குள் நின்றுபோயிற்று. அது நின்றுபோன இடம் பழையது.

நான் அந்த வேலையை நாட்டில் நடந்த சண்டையால் விடவில்லை. அந்த நாளில் வீட்டில் சொன்னதோடு சரி, பிறகு இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. உன் அப்பாவுக்கும் சொல்லவில்லை.

என் அப்பா, உன் அம்மப்பா, கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு தேங்காயெண்ணெய் ஆலையில் வேலை செய்தவர் என்பது உனக்குத் தெரியும். வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஒழுங்கையிலிருந்து காலை இரண்டு பஸ் ஏறிப் போவார், மாலையில் எண்ணெய் மணத்தோடு வருவார். அந்த வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். எங்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் நான்தான் முதல் ஆள். அது ஒரு பெருமை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது கூச்சமாகத்தான் இருந்தது. விரிவுரை மண்டபத்தில் கேள்வி கேட்க எழும்பவே மாட்டேன். அதனால் நான் கேட்காமல் பார்க்கப் பழகினேன். கதைக்காதவர்களுக்கு அந்த ஒரு வசதி உண்டு. எல்லாரும் கதைத்துக்கொண்டிருக்கும்போது எங்களால் பார்க்க முடியும். விலங்கியலில் நல்ல பெறுபேறு வந்ததும், பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளராக எடுத்தார்கள். அங்கே என்னுடைய வேலை எலிகள்.

ஆராய்ச்சியை நடத்தியவரை நான் கடைசிவரை சேர் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் கெட்டவர் இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ இந்தக் கதையை ஒரு நல்லவளுக்கும் ஒரு கெட்டவருக்கும் நடந்த சண்டையாக வாசிப்பாய். குடல் பழுதான மிருகத்துக்கு வாயால் உணவு கொடுக்க முடியாது. சின்ன மிருகமென்றால் நரம்பும் அகப்படாது. வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் மூடி, வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தையும் மூடியபடி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வு தண்ணீரை உறிஞ்சும் என்று எல்லாருக்கும் தெரியும். கொழுப்பையும் உறிஞ்சுமா, உறிஞ்சினால் அது உடம்புக்கு உணவாகுமா என்பதே கேள்வி. கேள்வி பெரியது, எங்களிடம் இருந்த சாமான்கள் சின்னவை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய கொழுப்புக் கரைசல் சண்டைக் காலத்தில் துறைமுகத்துக்கு வந்து சேருமா என்றே தெரியாது. ஆகவே நாங்களே செய்தோம். தேங்காயெண்ணெய், முட்டை மஞ்சட்கருவிலிருந்து பிரித்தெடுத்த பசை, கிளிசரின், காய்ச்சி வடித்த நீர். எல்லாவற்றையும் அடித்து அடித்து, வடித்து, கிருமி நீக்கினால் பால் மாதிரி வெள்ளையாக வரும். நாங்கள் அதைப் பால் என்றே சொன்னோம்.

எண்ணெய் கொண்டுவந்து தந்தது அம்மப்பா. ஆய்வுகூடத்துக்குக் கடை எண்ணெய் சரிவராது என்று நான் சொன்னதும், ஆலையில் முதலாவதாகப் பிழிந்த எண்ணெயை மனேஜரிடம் கேட்டு ஒரு போத்தலில் வாங்கி வந்தார். "எலிக்கோ?" என்று இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றேன். "நாங்கள் சம்பலுக்குக் கடைசிப் பிழிவு. எலிக்கு முதல் பிழிவு. நல்லாத்தான் படிச்சிருக்கிறாய்" என்றார். ஆனால் போத்தலின் வாயைத் தன்னுடைய சுத்தமான கைலேஞ்சியால் கட்டித்தான் தந்தார்.

ஒரு காலைப் பொழுதை மட்டும் உனக்கு விபரமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் முழுக்கப் பட்டினி போட்ட எலி. வயிற்றறைக்குள் பால் ஏற்றிச் சில மணித்தியாலம் விட்டு, ஈதர் கொடுத்து மயக்கித் திறந்தேன். பட்டினியில் இருந்த மிருகத்தின் குடலில் ஒன்றும் இல்லை, ஆகவே குடலிலிருந்து கொழுப்பு எங்கேயும் போக வழியில்லை. நெஞ்செலும்பை மெல்ல மேலே தூக்கினேன். அதன் உட்புறத்தில், இரண்டு பக்கமும், தலைமயிர்த் தடிப்பில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடின. நிணநீர்க் குழாய்கள். வழக்கமாக அவை தண்ணீர் நிறம், கண்ணுக்கே தெரியாது. அன்று பால் ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கிற தசையின் அடிப்பக்கத்தால் கொழுப்பு ஏறி, அந்த வழியால் இரத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வழி அடைபட்ட உடம்பு இன்னொரு வழியைத் திறந்து வைத்திருந்தது. நான் சேரைக் கூப்பிடவில்லை. ஒரு நிமிஷம் அதை நான் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னுடைய முகத்தை முதல் தரம் பார்த்த நிமிஷத்தை இதற்குப் பக்கத்தில் வைப்பேன் என்று எழுதினால் நீ கோபிப்பாயா? கோபித்தாலும் எழுதத்தான் போகிறேன்.

ஆனால் எல்லா எலியும் அப்படி இல்லை. குடலுக்கு முன்னால் ஒரு திரை மாதிரித் தொங்குகிற மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று உண்டு. சில எலிகளில் அந்தத் திரை சுருண்டு, தடித்து, மஞ்சள் கலந்த வெள்ளை மணிகளாக இறுகிக் கிடந்தது. ஏற்றின கொழுப்பில் நல்ல பங்கு அதற்குள்தான். சேருடைய முறைப்படி நாங்கள் வயிற்றறையைக் கழுவி, கழுவிய நீரில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று பார்ப்போம். மிச்சம் இல்லாவிட்டால் உறிஞ்சப்பட்டது என்று கணக்கு. திரையில் ஒட்டினது கழுவின நீரில் வராது. ஆகவே அந்த எலிகளும் வெற்றி என்றே பதிவாகும். உண்மையில் கொழுப்பு உணவாகவில்லை, ஒரு மூலையில் கட்டியாகி இருந்தது. நான் ஒவ்வொன்றையும் கொப்பியில் பென்சிலால் படம் கீறி, திரையைத் தராசில் நிறுத்து எழுதி வைத்தேன். நாற்பது எலிகளில் பதினாலு அப்படி. சேரும் அந்தப் படங்களைப் பார்த்திருந்தார்.

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன். அந்த நாட்களில் மின்வெட்டு. மாலையில் ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டி நின்றுவிடும், பால் கெட்டுவிடும். எங்கள் ஒழுங்கை முகப்பில் குளிர்பானக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அவரிடம் கேட்டு, பின்னேரம் போத்தல்களை ஐஸ் பிளாஸ்கில் கொண்டுவந்து அவருடைய பெட்டியில் வைத்து, காலையில் திரும்ப எடுத்துக்கொண்டு போவேன். "எலிட சாமானென்டு சனத்துக்குச் சொல்லிராதிங்க மகள், பொறகு ஒருத்தனும் ஃபலூடா குடிக்க மாட்டான்" என்பார். ஒருநாள் காலி வீதிச் சோதனைச் சாவடியில் என்னை இறக்கிவிட்டார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பெயரைப் பார்த்தார்கள், பிளாஸ்கைத் திறக்கச் சொன்னார்கள். சின்னச் சின்னப் போத்தல்களில் வெள்ளைத் திரவம். "மே மொனவாத?" என்றான் ஒரு ஆமிக்காரன், இதெல்லாம் என்ன என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "மீயன்ட கேம" என்றேன். எலிகளுக்குச் சாப்பாடு. அவன் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். எலிகள் பால் குடிக்குது, எங்களுக்குப் பருப்புத்தான் என்று இருவரும் சிரித்தார்கள். பிறகு குடித்துக் காட்டச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோனாலும் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும்.

எல்லாரும் குடித்துக் காட்டினார்கள். நான் முடியாது என்றேன். திறந்தால் உள்ளே கிருமி போகும், பிறகு எலிகளுக்கு ஏற்ற முடியாது என்று எப்படியோ சொன்னேன். வகுப்பில் கேள்வி கேட்க எழும்ப மாட்டாதவள் துவக்கு வைத்திருந்தவனிடம் அதைச் சொன்னேன். வீரம் என்று நினைக்காதே, போத்தலைத் திறப்பது என்ற எண்ணமே எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். வெயிலில் ஒரு வாங்கில் இருக்க வைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி வந்து ஆய்வுகூடக் கடிதத்தைப் பார்த்துவிட்டு விட்டார். கடைக்குப் போகும்போது ஐஸ் எல்லாம் தண்ணீர். நானா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிளாஸ்கை வாங்கினார். மறுநாள் காலை போனால் போத்தல்கள் கல்லாக இறுகி இருந்தன. "வெயில்ல கெடந்த சாமான்தானே, நல்லா குளிரட்டுமென்டு ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ள வெச்சேன்" என்றார். நல்ல மனது. எண்ணெய்ப் பாலை உறைய விடக்கூடாது, உறைந்தால் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும். அது எனக்குத் தெரியும். இளகினதும் குலுக்கிப் பார்த்தேன், பால் மாதிரித்தான் இருந்தது. போத்தலின் கழுத்தில் மட்டும் ஒரு மெல்லிய எண்ணெய் வளையம். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஆறு எலிகளுக்கு ஏற்றினேன்.

ஏன் என்று கேட்பாய். புதிதாகப் பால் செய்ய மூன்று நாள் போகும், சேரிடம் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் சோதனைச் சாவடியில் இருந்த கதை வரும், இனி தமிழ்ப் பிள்ளையிடம் போத்தல் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். ஆறு எலியிலும் திரை கட்டியாகி இருந்தது. பால் உறைந்த கதையை இரண்டு வாரம் சொல்லாமல் வைத்திருந்தேன். பார்த்ததை மறைத்தது முதலில் நான். இதைத் தவற விடாதே.

பிறகு ஒரு காலை அவருடைய அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார், சுமை இறங்கின மாதிரி. "இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை. அந்தக் கட்டிகள் என்னைத் தின்று கொண்டிருந்தது. பால் பழுது. அவ்வளவுதான் காரணம். பதினாலையும் எடுத்துவிடுவம்."

"ஆறுதான் சேர் பழுதான பால். மற்ற எட்டும் நல்ல பாலில செய்தது."

"எல்லாம் ஒண்டுதான். எந்த நாள் கரண்ட் ஒழுங்கா நிண்டது? எல்லாத்துக்கும் ஏதோ நடந்துதான் இருக்கும்."

"எட்டுக்கும் ஒண்டும் நடக்கேல்லை சேர். அந்த நாட்களில ஜெனரேட்டர் நிக்கேல்லை. நான் எழுதி வைச்சிருக்கிறன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மாதம் கட்டுரை வெளிநாட்டுக்குப் போக வேண்டும். அது ஏற்கப்பட்டால்தான் ஆய்வுகூடத்துக்கு இன்னும் இரண்டு வருஷப் பணம் வரும். வந்தால் எனக்கு நிரந்தர இடம், மேற்படிப்புக்கு வெளியே போக ஒரு வழியும் உண்டு. அவர் இதையெல்லாம் மிரட்டலாகச் சொல்லவில்லை, ஒரு தகப்பன் மாதிரி எடுத்துச் சொன்னார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கொப்பியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே, எலியைத் திறந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பக்கம் செல்லாது. பதினாலு எலிகளும் மின்வெட்டில் பழுதான பாலால் விலக்கப்பட்டன என்று ஒரு புதுப் பக்கம் எழுதி என் முன்னால் வைத்தார். "சண்டைக் காலம் பிள்ளை. கரண்ட் இல்லை, றோட்டில செக்கிங். இப்பிடி எழுதினா எவன் கேக்கப் போறான்?"

அந்த வசனம்தான் மகன். எவன் கேட்கப் போகிறான். அவர் சொன்னது சரி, ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்த வருஷங்களில் சண்டை என்று சொன்னால் எல்லாக் கேள்வியும் நின்றுவிடும். பிந்தி வந்தவனுக்கும் சண்டை, கடனைக் கொடுக்காதவனுக்கும் சண்டை, கல்யாணத்தைக் குழப்பினவனுக்கும் சண்டை. உண்மையாகவே சண்டையில் பறிகொடுத்தவர்களுடைய வாயிலிருந்து அந்தச் சொல்லை எடுத்து நாங்கள் எங்கள் அழுக்கைத் துடைத்தோம். எனக்கு அப்போது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த எட்டு எலிகளையும் என் கையால் மயக்கி, என் கையால் திறந்தேன். அவற்றைக் கொன்றதற்கு இருந்த ஒரே நியாயம், உள்ளே இருந்ததை நான் சொல்வேன் என்பதுதான். சொல்லாவிட்டால் நான் வெறுமனே எட்டு உயிரைக் கொன்றவள். "ஆறுக்குப் போடுறன் சேர். எட்டுக்குப் போட ஏலாது" என்றேன்.

அவர் கத்தவில்லை. அந்த மாத முடிவில் என்னுடைய தற்காலிக நியமனம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. அவ்வளவுதான் நடந்தது. கட்டுரை போனதா, என்ன எழுதிப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. வீட்டில் சொன்னபோது அம்மப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "உன்னைப் படிக்க வைச்சது எலிக்கு வக்காலத்து வாங்கவோ?" என்றார். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் பெரியம்மா வந்து ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்க, அவரே முந்திக்கொண்டு, "றோட்டெல்லாம் செக்கிங். குமர்ப் பிள்ளையை எப்பிடி விடுறது? சண்டையால நிப்பாட்டினது" என்றார். அது பொய்யாகவும் ஒலிக்கவில்லை. சாவடியில் இருந்தது உண்மைதானே. நான் குசினிக்குள் கேட்டுக்கொண்டு நின்றேன், வெளியே வந்து இல்லை என்று சொல்லவில்லை. சேரிடம் போட மறுத்த கையெழுத்தை வீட்டில் போட்டுவிட்டேன். அதன் பிறகு அதுவே என்னுடைய கதையாயிற்று. உன் அப்பா என்னைப் பார்க்க வந்த அன்றும் அதைத்தான் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. நீ ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்துக்கு ஈரப் பஞ்சில் பத்துப் பயறு போட்டு முளை பார்த்து எழுத வேண்டும். இரண்டு முளைக்கவில்லை. முன் அறையில் என்னுடைய டியூஷன் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். நீ கொப்பியோடு வந்து, "அம்மா, ரெண்டு முளைக்கேல்லை. முளைச்சதெண்டு போடட்டோ?" என்று கேட்டாய். நான் திரும்பியும் பார்க்காமல், "போடு, போடு. ஆர் எண்ணப் போயினம்" என்றேன். நீ போட்டாய். உனக்குப் பத்துக்குப் பத்து வந்தது. அன்று அந்த இரண்டு பயறையும் உன் கையில் வைத்து, ஏன் முளைக்கவில்லை என்று உன்னோடு சேர்ந்து நான் யோசித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன வசனத்தை உனக்குச் சொல்லித் தந்தவள் நான்தான். அதனால்தான் உன்னோடு எனக்குக் கோபம் குறைவு. ஆனாலும் கோபம் உண்டு.

ஒன்றும் குறைந்து போகவில்லை என்று சொன்னாய். குறைந்தது. இருபத்தைந்து வயதில் உலகத்தில் வேறு ஒருவரும் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று நான் நம்பிய ஒரு வேலை என்னிடம் இருந்தது. பிறகு முப்பது வருஷம் மற்றப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்குப் பாடமாக்கக் கொடுத்தேன். அந்த வேலையில் எனக்கு வெட்கம் இல்லை, அந்தக் காசில்தான் நீ படித்தாய். ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லாதே. வேலையை விட்டதற்கு நான் வருந்தவும் இல்லை. இன்று அதே பக்கத்தை அதே மேசையில் வைத்தாலும் எட்டுக்கும் போடமாட்டேன். நான் சொன்னதுதான் சரி என்று தர்சினியின் புத்தகம் இன்று சொல்வதால் இதை எழுதவில்லை. நான் பிழையாகவே இருந்திருக்கலாம். அந்த எட்டுக்கும் நான் அறியாத வேறு காரணம் இருந்திருக்கலாம். பிழையாக இருந்தாலும் அது நான் பார்த்தது. சண்டை பார்த்தது இல்லை.

தர்சினி வேலையில் நிற்பதா விடுவதா என்பது அவளுடைய முடிவு. அதில் அவளுடைய தகப்பனுக்கும் பங்கில்லை, உனக்கும் பங்கில்லை, எனக்கும் பங்கில்லை. ஆனால் அவளை விடச் சொல்லிக் கேட்கிற வாயால் என்னை உதாரணம் காட்டாதே. நான் வேலையை விட்டவள் இல்லை. போட மாட்டேன் என்று சொன்னதற்காக வெளியே விடப்பட்டவள். இதை நீ அவளுடைய தகப்பனிடம் திருத்திச் சொல்ல வேண்டும், கல்யாணத்துக்கு முன். உனக்குக் கூச்சமாக இருந்தால் சொல், நான் வந்து சொல்கிறேன். கூச்சத்தோடு எப்படிக் கதைப்பது என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவும் எழுதி முடித்துப் பிரதி எடுத்து, நேற்றுப் பின்னேரம் அவளுடைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உனக்குக் கொடுக்க முன் அவளுக்குக் கொடுத்தேன், அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு பூனைக்குக் காலில் கட்டுப் போட்டுவிட்டு வந்து, கையுறையைக் கழற்றி, நின்றபடியே வாசித்தாள். நீ எதிர்பார்க்கிற மாதிரி அழவில்லை. உன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடைசித் தாளை மடித்துவிட்டு, "அந்த எட்டிலயும் எந்தப் பக்கம் கட்டியிருந்தது மாமி?" என்று கேட்டாள். "இடப்பக்கம். மண்ணீரலுக்குக் கிட்ட" என்றேன். "எட்டிலயுமோ?" "ஏழில. ஒண்டில நடுவில." அவள் மருந்து எழுதும் துண்டுத் தாளைத் திருப்பி, ஒரு எலியின் வயிற்றைப் படமாகக் கீறி என்னிடம் பேனையைத் தந்தாள், எந்த இடம் என்று குறித்துக் காட்டச் சொல்லி. முப்பது வருஷத்தில் என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவள். நான் எட்டையும் குறித்தேன். வெளியே ஒரு நாய்க்காரன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

அம்மா